உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைக்கு ஷீட்ஸும் ஸ்லைட்ஸும்: புதிதாக வந்த பெற்றோருக்கு

என் மகள் சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றுக்கு, அதாவது ஏழாம் வகுப்புக்கு, போன மூன்றாவது வாரமே ஒரு குழு வேலை வந்தது. வகுப்பில் இருப்பவர்கள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டு, அட்டவணை போட்டு, கிராஃப் வரைந்து, ஐந்து ஸ்லைடில் வகுப்பின் முன் பேச வேண்டும். இரண்டு வாரம் அவகாசம். நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையில் எக்செல்லைத் திறந்தால் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் மூடுவேன். இதென்ன பிரமாதம் என்று அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, எஃப்4 அழுத்து எஃப்4 அழுத்துன்னு சொல்றீங்க. எஃப்4 எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தேன். அவள் பள்ளியில் கொடுத்தது குரோம்புக், கூகுளின் அமைப்பில் ஓடும் மடிக்கணினி. மேல் வரிசையில் எஃப் பட்டன் ஒன்றுகூட இல்லை. அதில் எக்செல்லும் இல்லை, அதற்குப் பதில் கூகுள் ஷீட்ஸ். பத்தே நிமிடத்தில் இருவருக்கும் சண்டை. சரி, தெரிந்தவர்களிடமே விட்டுவிடலாம் என்று மார்ச் விடுமுறையில் நான்கு நாள் வகுப்புக்கு 320 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்டினேன். எழுத்துகள் சுழன்று வந்து விழுவது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்தாள். ஒரு வரிசை எண்ணைக் கூட்டத் தெரியவில்லை.

அந்த 320 வெள்ளியும் அந்தச் சண்டையும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்து பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கணினி தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். தெரிந்த பெற்றோர் கொஞ்சம் வாயை அடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குறிப்பு. சூத்திரங்களையும் கட்டங்களின் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பி4 என்றால் பி நெடுவரிசையில் நான்காவது கட்டம். தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.

1. பள்ளி என்ன கொடுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

இங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாரிடமும் தனிக் கற்றல் சாதனம் ஒன்று இருக்கும். பிஎல்டி என்பார்கள். அது ஐபேடா, குரோம்புக்கா, விண்டோஸ் மடிக்கணினியா என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஐபேடில் கீநோட் என்ற ஸ்லைடு செயலியில் செய்கிறான் என்று நீங்கள் கீநோட் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால், உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது இல்லாமலே போகலாம்.

வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சாதனம்? பாடங்களுக்கு கூகுள் ஷீட்ஸ், ஸ்லைட்ஸா அல்லது எக்செல், பவர்பாயிண்டா? வேலையை எங்கே சமர்ப்பிக்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு காசும் செலவு செய்யாதீர்கள்.

அடுத்தது கணக்கு. கல்வி அமைச்சு ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணக்கு கொடுக்கிறது. எம்ஐஎம்எஸ் கணக்கு என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். பள்ளி மின்னஞ்சல், கூகுள் ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் எல்லாவற்றுக்கும் அதுவே சாவி. வீட்டில் பயிற்சி செய்யும்போதும் அந்தக் கணக்கிலேயே செய்யச் சொல்லுங்கள். நான் செய்த தவறு, என் சொந்த ஜிமெயிலில் ஒரு ஷீட் திறந்து அதில் சொல்லிக்கொடுத்தது. அவள் பள்ளியில் திறக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வந்தது. பள்ளிக் கணக்குக்கு உள்ளே வருவதற்கும் வெளியே பகிர்வதற்கும் கட்டுப்பாடுகள் இருக்கும். உயர்நிலை ஒன்றில் பல பிள்ளைகளுக்கு 13 வயதே நிரம்பியிருக்காது. அந்த வயதில் தனியாக ஜிமெயில் தொடங்குவதற்கு வேறு விதிகள் உண்டு. பள்ளிக் கணக்கிலேயே இருந்துவிட்டால் அந்தத் தலைவலியும் இல்லை.

கடவுச்சொல் மறந்துபோனால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, பள்ளிதான் மாற்றித் தரவேண்டும். சனிக்கிழமை இரவில் மறந்தால் திங்கள்வரை காத்திருக்க வேண்டியதுதான். எழுதி வைக்கச் சொல்லுங்கள், மடிக்கணினியின் மேல் ஒட்டாமல்.

2. காசு விஷயம்

மென்பொருளுக்கு நீங்கள் செலவழிக்க வேண்டியது பூஜ்யம். கூகுள் ஷீட்ஸும் ஸ்லைட்ஸும் இலவசம். எக்செல், பவர்பாயிண்டின் இணையப் பதிப்பும் இலவசம்தான். பழைய விண்டோஸ் கணினி வீட்டில் இருந்தால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்துச் சந்தா வாங்கி, அதைப் பிள்ளையின் பள்ளிச் சாதனத்தில் போடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சாதனத்தில் பள்ளியின் மேலாண்மைச் செயலி இருக்கும். பள்ளி நேரத்தில் என்ன ஓடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் விருப்பம் கேட்பார்கள். அந்தப் படிவத்தை அவசரத்தில் ஒப்புக்கொண்டு தள்ளிவிடாமல் படியுங்கள்.

சாதனத்துக்கான பணத்தில்தான் புதிதாக வந்தவர்கள் குழம்புகிறார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்கு எடுசேவ் என்று, படிப்புக்காக அரசு பணம் போடும் கணக்கு உண்டு. உயர்நிலைப் பள்ளியில் ஆண்டுக்கு 290 வெள்ளி அதில் சேரும். சாதனத்தை அந்தப் பணத்தில் வாங்கலாம், பள்ளி அனுப்பும் ஒப்புதல் படிவத்தில் சம்மதம் சொன்னால் போதும். நிரந்தரவாசியாகவோ வெளிநாட்டு மாணவராகவோ இருந்தால் எடுசேவ் கிடையாது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். என் மகள் நிரந்தரவாசி. எடுசேவில் கழித்துக்கொள்வார்கள் என்று நண்பர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தேன், கடைசியில் கட்டணச் சீட்டு வந்தது. குடிமக்களில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் மானியம் இருக்கிறது. அதற்குச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், முன்பே எடுத்து வையுங்கள். வீட்டில் இணைய இணைப்பே இல்லை என்றால் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் டிஜிட்டல்ஆக்சஸ் அட் ஹோம் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பொறிகள். எடுசேவ் பணத்தை வெளி வகுப்புக்குக் கட்ட முடியாது, பள்ளி நடத்தும் வகுப்புக்கு மட்டும்தான். புதுத் திறன் கற்க அரசு கொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு. பிள்ளையின் விடுமுறை வகுப்புக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஆனால் குடிமக்களான அப்பா அம்மா அந்தப் பணத்தில் எக்செல் வகுப்புக்குப் போகலாம். அது நல்ல யோசனைதான்.

பள்ளியிலிருந்து வரும் ஒப்புதல் படிவங்கள் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வரும். அதற்கு அரசின் இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வேண்டும். வந்த கையோடு அப்பா, அம்மா இருவரும் பதிந்துகொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பதிந்து அவர் ஊருக்குப் போயிருந்தால், படிவம் கடைசித் தேதி தாண்டித்தான் கண்ணில் படும்.

3. ஸ்லைடில் ஆரம்பிக்காதீர்கள்

பிள்ளைக்கு ஸ்லைடுதான் பிடிக்கும். வண்ணம், படம், அசைவு எல்லாம் இருக்கிறதே. ஆனால் ஸ்லைடில் போட ஏதாவது இருக்க வேண்டும். அது அட்டவணையிலிருந்துதான் வரும். முதல் ஐந்து வாரம் ஷீட்ஸ் மட்டும், பிறகு ஸ்லைட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையும் பிள்ளைக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். நான் அலுவலகத்துச் சரக்குப் பட்டியலைக் காட்டினேன், அவள் கொட்டாவி விட்டாள். வீட்டு மின்கட்டண ரசீதைக் கொடுத்தேன், நிமிர்ந்து உட்கார்ந்தாள். மின்கட்டணம் வசூலிக்கும் எஸ்பி நிறுவனத்தின் ரசீதில் மின்சாரம் எத்தனை யூனிட், தண்ணீர் எத்தனை கன மீட்டர் என்று மாதாமாதம் இருக்கிறது. பன்னிரண்டு மாத ரசீதைப் பார்த்து, மாதம், மின்சார யூனிட், தண்ணீர், மொத்தத் தொகை என்று நான்கு நெடுவரிசையில் அவளே தட்டினாள். அவள் அறையில் ஏர்கான் போட ஆரம்பித்த மாதம் எது என்று எண்ணிலேயே தெரிந்துவிட்டது. அன்று வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம். ஆனால் அதற்கப்புறம் அட்டவணை என்றால் அவள் கொட்டாவி விடவில்லை.

4. ஷீட்ஸில் கற்க வேண்டியது

மிகக் குறைவுதான். முதல் வரிசையில் தலைப்பு, அதை உறையவைப்பது, அதாவது கீழே உருட்டினாலும் தலைப்பு மேலேயே நிற்கும்படி செய்வது. ஒரு கட்டத்தில் ஒரு விஷயம் மட்டும் எழுதுவது. எந்தச் சூத்திரமும் சமக்குறியில் தொடங்கும் என்பது. சம் (கூட்டல்), ஆவரேஜ் (சராசரி), மேக்ஸ் (மிகப் பெரியது), மின் (மிகச் சிறியது), எண்ணிக்கைக்குக் கவுண்ட், கவுண்ட்ஏ, கவுண்டிஃப் என்று ஏழு சூத்திரம். ஆசை இருந்தால் இஃப். விலுக்கப், பிவட் டேபிள் எல்லாம் இப்போது வேண்டாம். பின்னால் மேல் வகுப்பில் கம்ப்யூட்டிங் பாடம் எடுத்தால் அந்தப் பாடத்திட்டத்திலேயே விரிதாள், அதாவது எக்செல், ஷீட்ஸ் மாதிரி அட்டவணை, ஒரு பகுதியாக வருகிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்றே ஒன்று: சூத்திரத்தை இழுப்பது. இதற்கு நான் கண்டுபிடித்த நல்ல பயிற்சி, உணவகத்து மெனு. நகரத்தில் பல உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அவள் பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்ற கேள்வியில் ஆரம்பித்தோம். மெனுவில் 100 வெள்ளி என்றால் நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"119."

"தட்டிப் பார்."

119.90 வந்தது. வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின் மேல்தான் விழுகிறது. "அந்த 90 காசு எங்கருந்து வந்துச்சு?" என்று அவளே நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்தாள். ஷீட்டை மூடிவிட்டு நான் டீ போடப் போனேன்.

இப்போது முக்கியமான இடம். எஃப்1 கட்டத்தில் 10% என்றும் எஃப்2 கட்டத்தில் 9% என்றும் தட்டினாள். நான்காவது வரிசையிலிருந்து பதார்த்தங்கள். முதலாவது பிரியாணி 14 வெள்ளி. பக்கத்துக் கட்டத்தில் இப்படி எழுதினாள்:

=பி4*(1+எஃப்1)*(1+எஃப்2)

16.79 என்று சரியாக வந்தது. கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அடுத்து 12 வெள்ளி மீன் குழம்பு, 13.08 என்று வந்தது. அதற்கடுத்த 6.50 வெள்ளி பாயசத்துக்கு 6.50 என்றே நின்றது. "பாயசத்துக்கு வரி கிடையாதாப்பா?"

கீழே ஒரு வரிசை இறங்கும்போது சூத்திரமும் ஒரு வரிசை இறங்குகிறது. எஃப்1, எஃப்2 என்பது எஃப்2, எஃப்3 ஆகிறது. எஃப்3 காலி, ஆகவே மீன் குழம்புக்கு 9 விழுக்காடு மட்டும். பாயசத்துக்கு இரண்டுமே காலிக் கட்டங்கள். நகரக் கூடாத கட்டத்துக்கு டாலர் குறியால் ஆணி அடிக்க வேண்டும்:

=பி4*(1+$எஃப்$1)*(1+$எஃப்$2)

எக்செல்லில் டாலர் குறியைப் போட்டுத் தரும் எஃப்4 பட்டனைத் தேடாதீர்கள், குறியைக் கையால் தட்டிவிடுங்கள். எல்லாச் சாதனத்திலும் வேலை செய்யும்.

வரி விகிதத்தைச் சூத்திரத்துக்குள் நேரடியாக எழுதாமல் ஏன் தனிக் கட்டத்தில் வைக்கிறோம் என்று கேட்டால், இங்கேயே பதில் இருக்கிறது. 2022 வரை 7 விழுக்காடு, 2023-இல் 8, 2024-இலிருந்து 9. தனிக் கட்டத்தில் வைத்திருந்தால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். எஃப்2-இல் 7% போடச் சொல்லுங்கள். மொத்த ரசீதும் கண்முன்னே மாறுவதைப் பார்க்கும்போதுதான் விரிதாள் எதற்கு என்று பிள்ளைக்கு உறைக்கிறது.

5. எண் போலத் தெரியும், எண்ணாக இருக்காது

அந்த முதல் குழு வேலை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. 32 பேரிடம் பயண நேரம் கேட்டார்கள். சராசரி போட்டார்கள், ஸ்லைடில் பெரிதாகப் போட்டார்கள். ஆசிரியர் கேட்ட ஒரே கேள்வி: "இது எத்தனை பேருடைய சராசரி?" 32 என்றார்கள். உண்மையில் 19. மீதிப் பேர் "20 நிமிடம்", "அரை மணி" என்று எழுதியிருந்தார்கள். எண்ணோடு எழுத்து சேர்ந்தால் ஷீட்ஸுக்கு அது எழுத்துதான். ஆவரேஜ் சூத்திரம் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தவறு என்றுகூடச் சொல்லாது.

கண்டுபிடிக்க இரண்டு வழி. எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டும், எழுத்து இடது ஓரத்தில். ஒரே நெடுவரிசையில் சில வலமும் சில இடமும் நின்றால் ஏதோ கோளாறு. அடுத்து, கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். 19-உம் 32-உம் என்று வந்தால் சராசரியை நம்பாதீர்கள். அலகைத் தலைப்பில் எழுத வேண்டும்: "பயண நேரம், நிமிடத்தில்". கட்டத்தில் 20 மட்டும்.

தேதியிலும் இதே கதை. சில கணக்குகளில் ஷீட்டின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருக்கும். நாம் பிப்ரவரி 5 என்று நினைத்து 5/2 தட்டினால் அது மே 2 ஆகிவிடும். 13/2 என்று தட்டினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் எழுத்தாக இடது ஓரத்தில் நிற்கும். பாதித் தேதிகள் தவறு, மீதி எழுத்து. கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் வட்டாரத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றுங்கள். முதல் நாளே செய்யுங்கள். ஏற்கெனவே தவறாகப் போன தேதி, அமைப்பை மாற்றியதும் தானாகத் திருந்தாது.

அஞ்சல் குறியீடு எழுதினால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். மரினா பே சாண்ட்ஸ் 018956. தட்டிப் பாருங்கள், 18956 என்றுதான் நிற்கும். வகுப்பு வரிசை எண் 07-க்கும் இதே கதி. அந்த நெடுவரிசையின் வடிவத்தை வெற்று உரை என்று முதலிலேயே மாற்றிவிட்டால் பூஜ்யம் தங்கும்.

எம்ஆர்டி, ரயில், ட்ரெயின் என்று ஒரே பதிலை மூன்று விதமாக எழுதினால் கவுண்டிஃப் மூன்றாகத்தான் எண்ணும். கேள்வியைக் கூகுள் ஃபார்ம்ஸில் போட்டு, பதிலைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. பதில்கள் நேராக ஷீட்டில் வந்து விழும்.

வரிசைப்படுத்தும்போது ஒரு நெடுவரிசையை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்தினால், பெயர் ஓரிடம், மதிப்பெண் ஓரிடம் என்று பிரிந்துவிடும். முழு அட்டவணையையும் தெரிவு செய்த பிறகுதான் வரிசைப்படுத்த வேண்டும். பிரிந்துவிட்டால் செய்ததை ரத்து செய்யும் கண்ட்ரோல் இசட், உடனே.

6. கிராஃப்

இங்கே அதிகம் சொல்ல இல்லை. மாதாமாதம் மாறுவது என்றால் கோடு. பேருந்து, எம்ஆர்டி, நடை என்று ஒப்பிடுவது என்றால் தூண். ஒரு முழுமையின் பங்குகள் என்றால் வட்டம், அதுவும் நான்கைந்து துண்டுக்கு மேல் வேண்டாம். பயண நேரத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டு வந்தான் மகளின் குழுவில் ஒருவன். நிமிடங்களைக் கூட்டினால் எதன் முழுமை வரும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

தூண் கிராஃபின் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 380 யூனிட்டும் 400 யூனிட்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு போலத் தெரிந்தால் அச்சு எங்கோ நடுவில் தொடங்கியிருக்கிறது. கிராஃபின் அமைப்பில் குறைந்த அளவு 0 என்று போட்டுவிடலாம். தலைப்பும் அச்சுகளின் பெயரும் இல்லாமல் சமர்ப்பித்தால் மதிப்பெண் போகும்.

7. இப்போது ஸ்லைட்ஸ்

ஐந்து ஸ்லைடு என்றால் முதலில் தாளில் ஐந்து பெட்டி வரையச் சொல்லுங்கள். என்ன கேள்வி, யாரிடம் எப்படிக் கேட்டோம், கிராஃப், அதிலிருந்து என்ன தெரிகிறது, இன்னும் என்ன பார்க்கலாம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வரி. அதற்குப் பிறகுதான் கணினி.

கிராஃபைத் திரையிலிருந்து படம் பிடித்து ஒட்டாமல், ஸ்லைட்ஸின் இன்சர்ட் மெனுவில் சார்ட், ஃப்ரம் ஷீட்ஸ் என்று போய் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ஷீட்டில் எண்ணைத் திருத்தும்போது ஸ்லைடில் அப்டேட் என்று ஒரு பட்டன் வரும், அழுத்தினால் கிராஃபும் மாறும். ஒட்டிய படம் பழைய எண்ணோடு அப்படியே கிடக்கும்.

எழுத்து அளவு 24-க்குக் கீழே போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போகிறது என்றால் எழுதியது அதிகம். பேச வேண்டியதையெல்லாம் கீழே இருக்கும் ஸ்பீக்கர் நோட்ஸில் போடலாம், அது பேசுபவருக்கு மட்டும் தெரியும். அசைவுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, 320 வெள்ளி ஞாபகம் வருகிறது. படம் எடுத்தால் எங்கிருந்து எடுத்தது என்று அடியில் சின்னதாக எழுதப் பழக்குங்கள். ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.

தமிழ்ப் பாடத்துக்கும் ஸ்லைடு வரும். அப்போது இரண்டு சிக்கல். ஒன்று தட்டச்சு. குரோம்புக்கின் அமைப்புகளில் உள்ளீட்டு முறைகளில் தமிழைச் சேர்க்கலாம், தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கின்றன. ஐபேடில் தமிழ்99-உம் அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. அம்மா என்று ஆங்கில எழுத்தில் ஒலியாகத் தட்டிப் பழகிய பிள்ளைக்கு ஒலிபெயர்ப்பு முறை உடனே வரும், தமிழ்99 ஒரு வாரம் எடுக்கும், பிறகு வேகம். இரண்டாவது எழுத்துரு. நம் ஊர்க் கணினியில் இருக்கும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தாத்தா தட்டி அனுப்பியதை ஒட்டினால், ஸ்லைடில் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டியது மட்டுமே வேலைக்கு ஆகும். ஸ்லைட்ஸின் எழுத்துருப் பட்டியலில் கூடுதல் எழுத்துருக்களுக்குப் போய், எழுத்துமுறை என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாம் அங்கே இருக்கின்றன, காசு இல்லை.

8. குழுவாகச் செய்யும்போது

ஒருவர் கோப்பைத் தொடங்கி மற்றவர்களைச் சேர்க்க வேண்டும். நான்கு பேரும் தனித்தனிக் கோப்பு வைத்துக் கடைசியில் ஒட்டினால், நான்கு எழுத்துரு, நான்கு வண்ணம், ஒரு சண்டை. ஆசிரியருக்கு அனுப்பும் முன் பகிர்வு அமைப்பில் அவருக்குப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "அனுமதி கேட்கப்பட்டுள்ளது" என்ற மின்னஞ்சல் இரவு பதினொரு மணிக்கு வந்து கிடக்கும், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மகள் அழுதுகொண்டு வந்தாள். குழுவில் யாரோ மூன்று ஸ்லைடை அழித்துவிட்டார்கள், யார் என்று தெரியவில்லை, காலையில் பேச வேண்டும். கோப்பு மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. எந்த நேரத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று வண்ணத்தில் காட்டும். ஒன்பதரை மணிப் பிரதியைத் தேர்ந்தெடுத்து மீட்டோம், இரண்டு நிமிடம். யார் அழித்தது என்றும் தெரிந்துவிட்டது. "யார்னு நான் சொல்ல மாட்டேன்பா" என்றாள். சரி, அது அவர்கள் விஷயம்.

9. எப்போது, எவ்வளவு நேரம்

வாரத்துக்கு இரண்டு முறை, நாற்பது நிமிடம், எட்டு வாரம். இதற்கு மேல் நான் இழுத்தபோதெல்லாம் பலன் இல்லை. முதல் வாரம் கணக்கு, வட்டார அமைப்பு, ரசீதைத் தட்டுவது. இரண்டு, மூன்றாம் வாரம் சூத்திரங்கள். நான்காவது வாரம் முழுக்க டாலர் குறி. ஐந்தில் கிராஃப். கடைசி மூன்று வாரம் ஸ்லைடு, அதில் ஒரு முறையாவது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேட்க வேண்டும், பாட்டி வீடியோ அழைப்பில் இருந்தால் இன்னும் நல்லது.

தவணைக்குள் ஆரம்பித்தால் இணைப்பாட நடவடிக்கை, வீட்டுப்பாடம் என்று இழுத்துக்கொண்டே போகும். ஆறாம் வகுப்புத் தேர்வு முடிந்து, நவம்பர் டிசம்பரில் ஒரு பெரிய விடுமுறை கிடைக்கிறதே, அதுதான் சரியான நேரம். பள்ளிக் கணக்கு வரும்வரை உங்கள் கணினியில், உங்கள் பார்வையில் பழகட்டும். அதைத் தவறவிட்டால் ஜூன் மாத நான்கு வார விடுமுறை. உயர்நிலையில் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். தவணைக்குத் தவணை டபிள்யூஏ என்ற மதிப்பீடுகள் வரும், சில பாடங்களில் அது தேர்வாக இல்லாமல் இப்படிப்பட்ட செய்முறை வேலையாகவே இருக்கும்.

வெளி வகுப்பு கட்டாயம் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் பாடத் திட்டத்தைக் கேளுங்கள். டாலர் குறி வைத்துச் சூத்திரம் எழுதுவது அதில் இருக்கிறதா? பிள்ளையின் பள்ளிச் சாதனத்தையே கொண்டு வரலாமா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றால் வேண்டாம்.

10. பேசும் நாளுக்கு முந்தைய இரவு

பள்ளிக் கணக்கில் உள்ளே போய், பள்ளிச் சாதனத்தில், முழுத்திரையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் பவர்பாயிண்டில் செய்து ஸ்லைட்ஸில் ஏற்றியிருந்தால் எழுத்துரு மாறி, வரிகள் பெட்டிக்கு வெளியே வழிந்திருக்கும். இதைக் காலையில் கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்காது. பிடிஎஃப் பிரதி ஒன்றையும் இறக்கி அந்தச் சாதனத்திலேயே வையுங்கள், இணைப்பு சதி செய்தாலும் காட்ட ஏதாவது இருக்கும். கிராஃபில் அப்டேட் பட்டன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து அழுத்துங்கள். குழுவில் நால்வரின் பெயரும் முதல் ஸ்லைடில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒருவர் பெயரை விட்டுவிட்டு வந்து நாங்கள் பட்டது போதும்.

அப்புறம் சார்ஜ். பிள்ளைகள் வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்றுதான் எங்கள் பள்ளியில் சொல்கிறார்கள், வகுப்பில் எல்லாருக்கும் பிளக் கிடையாது. படுக்கும் முன் ஒயரைச் செருகினாயா என்று கேட்டு நிறுத்தாமல், சுவரில் ஸ்விட்சைப் போட்டிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள்.